நமக்கென்று ஒரு குழு இருந்தது

(‘மலேசிய இந்தியர்களும் காற்பந்தும்’ என்ற தலைப்பில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசியவர்கள் நம் பழைய ஆட்டக்காரர்களின் பெயர்களைச் சொன்னபோது கேட்கவே இனிமையாக இருந்தது. 1972-ல் மூனிக் ஒலிம்பிக்கில் மலேசியக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எம்.சந்திரன். அந்தக் குழு அங்கே அமெரிக்காவை 3-0 என்று வென்றது. 1974-ல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம் வாங்கினோம். கோல் கம்பத்தில் நின்றவர் ஆர்.ஆறுமுகம். அவருடைய நீண்ட கைகளைப் பார்த்து ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே பெயர் வைத்தது. 1988-ல் சாலை விபத்தில் அவரைப் பறிகொடுத்தோம். 2016-ல் வந்த ‘ஓலா போலா’ படத்தில் முத்து என்ற கோல் காவலரைப் பார்த்து அழுதவர்கள் நம்மில் பலர் உண்டு. நானும் அழுதேன், மறைக்கவில்லை.

ஆனால் நான் இன்று ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசப் போவதில்லை. ஒரு குழுவைப் பற்றிப் பேசப் போகிறேன். இந்த அரங்கில் அமர்ந்திருக்கும் இளைஞர்களைக் கேட்கிறேன். ‘மிஃபா’ என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் கை தூக்குங்கள். பார்க்கலாம்... நான்கு, ஐந்து. சரி. சிலாங்கூர் ரசிகர்கள்? பாதி அரங்கம். மான்செஸ்டர் யுனைடெட்? நெறியாளர் உட்பட எல்லோரும்!

கோபித்துக் கொள்ள இதில் ஒன்றும் இல்லை. இல்லாமல் போன குழுவை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? ஆனால் அது இல்லாமல் போய் வெகு காலம் ஆகவில்லை. 2022 வரைக்கும் நாட்டின் மிக உயர்ந்த லீக்கில் ஆடிக்கொண்டிருந்த குழு அது.

திடல் போன கதை

மிஃபா ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் தோட்டத்தில் கோயில், தமிழ்ப்பள்ளி, ஆயக்கொட்டகை, அதற்குப் பக்கத்தில் ஒரு திடல். திடல் என்றால் புல் வெட்டிய மைதானம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். மழை பெய்தால் பள்ளத்துப் பக்கம் கோல் காவலர் முழங்கால் தண்ணீரில் நிற்பார். காலையில் பெரட்டுக்குப் போய், பால் மரம் வெட்டிவிட்டு வந்த அண்ணன்மார்கள் மாலை நாலரை மணிக்கு அந்தத் திடலில் இறங்குவார்கள். தண்டல் ஒரு பக்கம், அவரிடம் காலையில் ஏச்சு வாங்கியவர் எதிர்ப்பக்கம். அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் தண்டலின் காலில் உதை விழலாம், யாரும் கேட்க முடியாது!

பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம் என்றால் லாரியில் ஆள் ஏறும். அப்படிப் பார்க்க வந்த யாராவது ஒருவர், ‘இந்தப் பையனை டவுனுக்கு அனுப்புங்க’ என்று சொல்வார். பையன் டவுன் குழுவுக்குப் போவான். அரசாங்க இலாகாக்களில், ரயில்வேயில், மின்சார வாரியத்தில் அப்போது சொந்தக் குழுக்கள் இருந்தன. நன்றாக ஆடினால் வேலையும் கிடைக்கும். அங்கிருந்து மாநிலக் குழு. இதுதான் ஏணி. யாரும் திட்டம் போட்டுக் கட்டியது அல்ல. அது பாட்டுக்கு இருந்தது.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன. வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. எங்கள் திடல் இருந்த இடத்தில் இன்று வரிசை வீடுகள் நிற்கின்றன. பள்ளத்துப் பக்கம் இன்னமும் தண்ணீர் தேங்குகிறது என்று அங்கே குடியிருப்பவர் சொன்னார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் ஆட்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். நான் வேலைக்காக பிரிக்ஃபீல்ட்ஸ் வந்தேன். அங்கேயும் ரயில்வே குடியிருப்புகள் இருந்தவரை பிள்ளைகள் சந்து பொந்தில் பந்து உதைத்தார்கள். அந்தக் குடியிருப்புகளும் ஒவ்வொன்றாய் இடிக்கப்பட்டு இப்போது உயர்ந்த கட்டடங்கள் எழுந்துவிட்டன.

ஆக, நம் பிள்ளைகளுக்குத் திறமை குறைந்துவிட்டது என்று சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். பயிற்றுநர் கே.ராஜகோபாலைப் பாருங்கள். 2009-ல் லாவோஸ் சீ விளையாட்டில் தங்கம், 2010-ல் இந்தோனேசியாவை வென்று சுசுகி கிண்ணம். அந்த 2010 குழுவில் எஸ்.குணாளன் ஓடிய ஓட்டத்தை யாரால் மறக்க முடியும்? திறமை எங்கும் போகவில்லை. ஏணியின் கீழ்ப்படிகள்தாம் கழன்றுவிட்டன.

மூன்றாம் படியிலிருந்து முதல் படிக்கு

அந்தப் படிகளைத் திரும்பப் போட நடந்த முயற்சிதான் மிஃபா. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கம் என்பதன் சுருக்கம். மலேசிய இந்திய விளையாட்டு மன்றமும் இந்தச் சங்கமும் சேர்ந்து நடத்திய குழு, ‘எம்.ஐ.எஸ்.சி.-மிஃபா’ என்ற நீண்ட பெயரில் மூன்றாம் தர லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. டத்தோ டி.மோகன் அதற்குப் பொறுப்பில் இருந்தவர்களில் முக்கியமானவர். அப்போதெல்லாம் ஆட்டம் பார்க்கப் போனால் ஆட்டக்காரர்களின் அப்பா அம்மாவையும் சேர்த்துத்தான் கூட்டம் என்று கணக்குச் சொல்ல வேண்டும்.

அந்தக் குழு எப்.ஏ.எம். கிண்ணத்தை வென்றது. மூன்றாம் தரத்தின் உச்சம் அது. அடுத்தது பிரிமியர் லீக். இரண்டு மூன்று ஆண்டு அங்கே மூச்சு வாங்கும் என்று எல்லோரும் நினைத்தோம். அதையும் தாண்டி, 2019-ல் சூப்பர் லீக்கில் போய் நின்றது. ஜொகூர், சிலாங்கூர், பேராக் எல்லாம் ஆடிய இடம் அது. மாநில அரசாங்கத்தின் பின்பலத்தோடும் பல்லாண்டுப் பாரம்பரியத்தோடும் வந்த குழுக்களுக்கு நடுவே, நம் சமூகத்தின் பெயரால் தொடங்கிய ஒரு குழு. அன்றைக்கு துன் சம்பந்தன் சாலையில் ஒரு தேநீர்க் கடையில் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து பேசியதை இப்போது நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஐந்து ஆண்டில் மலேசியக் கிண்ணம் என்று பந்தயமே கட்டினோம்.

உயர் லீக்கில் ஆடப் பணம் வேண்டும். சும்மா இல்லை, ஆண்டுக்குப் பல மில்லியன் வெள்ளி. அந்த நேரத்தில்தான் க்யூ.ஐ. குழுமம் உரிமையை ஏற்றது. பெயர் ‘பெட்டாலிங் ஜெயா சிட்டி’ என்று மாறியது. கெலானா ஜெயாவில் இருக்கும் 25,000 பேர் அமரக்கூடிய அரங்கம் சொந்த மைதானமானது.

பெயர் மாறியதில் சிலருக்கு வருத்தம். ‘இந்தியர்’ என்ற சொல்லைத் தூக்கிவிட்டார்களே என்றார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரத்தில் 1914-ல் இத்தாலியிலிருந்து குடியேறிய மக்கள் ‘பலேஸ்ட்ரா இத்தாலியா’ என்று ஒரு கிளப் தொடங்கினார்கள். 1942-ல், உலகப் போர்க் காலத்தில், எதிரி நாட்டின் பெயரை வைத்துக் கொள்ளக் கூடாது என்ற நெருக்கடி வந்தது. ‘பால்மெய்ராஸ்’ என்று பெயரை மாற்றிக் கொண்டார்கள். இன்று தென்னமெரிக்காவின் மிகப் பெரிய கிளப்புகளில் அது ஒன்று. இத்தாலியர் தொடங்கியது என்பதை யாரும் மறக்கவும் இல்லை, மற்றவர்கள் ரசிகராவதை யாரும் தடுக்கவும் இல்லை. நம் குழுவிலும் அப்படித்தான். 2010 சுசுகி கிண்ணத்தின் நாயகன் சாஃபி சாலி நம் சட்டையை அணிந்து ஆடினார். பிரேசிலின் வாஷிங்டன் பிரான்டாவ் ஆடினார். டேரன் லோக் ஆடினார். அவர்களோடு கோகிலேஸ்வரன் ராஜ் போன்ற நம் இளம் பிள்ளைகளும் இறங்கினார்கள். ஒரு தமிழ்ப் பையன் டேரன் லோக்கோடு சேர்ந்து பயிற்சி எடுக்கிறான் என்றால் அதுதானே நாம் கேட்ட ஏணி?

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பயிற்றுநர் பி.மணியத்தின் கீழ் 2021, 2022 ஆகிய இரண்டு பருவங்களிலும் இந்தக் குழு இறக்குமதி ஆட்டக்காரர் ஒருவரைக்கூடச் சேர்க்காமல் சூப்பர் லீக்கில் ஆடியது. எதிரணியில் வெளிநாட்டவர் நான்கைந்து பேர். இங்கே பதினொரு பேரும் உள்ளூர். தோல்விகள் இருந்தன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான்கு பருவம் ஆடி, ஒரு தடவைகூடக் கீழ் லீக்குக்கு இறங்கவில்லை. இதை நம் பத்திரிகைகளே போதுமான அளவு எழுதவில்லை என்பது என் குறை. இந்த மேடையில் சொல்லிவிட்டேன்.

ஓர் அறிவிப்பு

2022 பருவம் முடிந்த கையோடு, அடுத்த ஆண்டு லீக்கில் ஆடப் போவதில்லை என்று அறிவிப்பு வந்தது. அவ்வளவுதான். கீழே தள்ளப்பட்டு வெளியேறவில்லை. அதே சமயத்தில் மலாக்கா யுனைடெட்டுக்கும் சரவாக் யுனைடெட்டுக்கும் உரிமம் மறுக்கப்பட்டது. அது வேறு கதை. நம் குழு தானாக விலகிக் கொண்டது. ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். டேரன் லோக் சபாவுக்குப் போனார். பெயர் தெரிந்தவர்களுக்கு இடம் கிடைத்தது. பெயர் தெரியாத பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று யாரும் எழுதவில்லை.

நேயர்களே, நான் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வரவில்லை. பணம் போட்டவர்கள் போட்டார்கள். அவர்கள் போட்டிருக்காவிட்டால் அந்த நான்கு பருவமும் இல்லை. தம் பணத்தை எங்கே போடுவது, எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு. நான் கேட்பது வேறு. அந்த அறிவிப்பு வந்த அன்று கிள்ளானிலிருந்தோ செந்தூலிலிருந்தோ பத்துப் பேர் கூடி, ‘நிறுத்தாதீர்கள்’ என்று ஒரு மனு கொடுத்தோமா? நான் கொடுக்கவில்லை. மலேசியக் கிண்ணத்துக்குப் பந்தயம் கட்டிய அந்த நான்கு பேரும் கொடுக்கவில்லை. நான் அந்த அரங்கத்துக்குப் போனது மொத்தம் ஆறு தடவை. அதில் இரண்டு தடவை இலவச டிக்கெட். அப்புறம் எந்த வாயால் ‘நம் குழு’ என்கிறேன்?

கெலானா ஜெயா அரங்கத்துக்கு இது புதிதும் அல்ல. 2003-ல் மலேசியக் கிண்ணத்தை முதன்முதலாக ஒரு கிளப் வென்றது. அது எம்.பி.பி.ஜே., இதே அரங்கத்தின் குழு. மாநிலக் குழுக்களை எல்லாம் தோற்கடித்து வென்றது. சில ஆண்டுகளில் அதுவும் காணாமல் போனது. 2025-ல் பேராக்கும் ஸ்ரீ பகாங்கும் சூப்பர் லீக்கிலிருந்து விலகின. பேராக்! நூறாண்டுப் பழமை பேசும் குழுவுக்கே இந்த நிலை. ஆகவே இதை இந்தியர் பிரச்சினை என்று மட்டும் சுருக்கிவிட வேண்டாம். இந்த நாட்டில் குழுக்கள் மேலே யாரோ ஒருவர் கையில் இருக்கின்றன. கை விட்டால் விழுந்துவிடும்.

விழுந்தும் விழாத ஒரு குழு

பிரேசிலைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அங்கே தெற்கில் சாந்தா கத்தரீனா மாநிலத்தில் ஷப்பெக்கோ என்று ஒரு சிறு நகரம். இறைச்சித் தொழிற்சாலைகளுக்குப் பெயர் போன ஊர். நம் கிள்ளானைவிடச் சின்னது. அங்கே 1973-ல் தொடங்கிய கிளப் ஷப்பெக்கோயென்ஸி. பெரிய நகரத்துக்காரர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. 2009-ல் நான்காம் தரத்தில் இருந்தது. 2014-ல் முதல் தரத்துக்கு வந்துவிட்டது. நம் மிஃபா மாதிரியே ஏறிய குழு.

2016 நவம்பர் 28-ம் தேதி, தென்னமெரிக்கக் கிண்ண இறுதியாட்டத்துக்காகக் கொலம்பியா நாட்டுக்குப் பறந்தபோது அவர்கள் விமானம் மலையில் விழுந்தது. 71 பேர் இறந்தார்கள். குழுவில் உயிர் பிழைத்த ஆட்டக்காரர்கள் மூன்றே பேர். பயிற்றுநர் இல்லை, தலைவர் இல்லை. ஒரு கிளப்புக்கு இதைவிடப் பெரிய முடிவு வேறு என்ன இருக்க முடியும்? மூடிவிட்டிருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள்.

மூடவில்லை. எதிரணியாக ஆட வேண்டிய கொலம்பியக் குழு, கிண்ணத்தை அவர்களுக்கே கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தது. மற்ற பிரேசில் கிளப்புகள் ஆட்டக்காரர்களை இலவசமாகக் கடன் தருகிறோம் என்றன. பல நாடுகளிலிருந்து மக்கள் உறுப்பினராகப் பெயர் கொடுத்தார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 2017 ஜனவரியில் புதிய குழு திடலில் இறங்கியது. எதிரில் ஆட வந்தது யார் தெரியுமா? கொஞ்ச நேரத்துக்கு முன் சொன்னேனே, இத்தாலியர் தொடங்கிய பால்மெய்ராஸ். ஆட்டம் 2-2. அதே 2017-ல் மாநிலக் கிண்ணத்தையும் ஷப்பெக்கோயென்ஸி வென்றது.

எல்லோரையும் இழந்த குழு எழுந்து நின்றது. ஒருவரையும் இழக்காத நம் குழு ஓர் அறிவிப்பில் முடிந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து நான் பல நாள் தூக்கம் கெட்டிருக்கிறேன். அவர்களிடம் நம்மைவிடப் பணம் அதிகம் என்று சொல்லிவிடலாம். அது முழு பதில் ஆகாது. அங்கே ஊர்க்காரன் சந்தா கட்டுகிறான். சந்தா கட்டுகிறவனைக் கேட்காமல் கதவைச் சாத்த முடியாது.

இது நமக்குத் தெரியாத வித்தையும் இல்லை. கோலாலம்பூரில் ஜாலான் தெமர்லோவில் டி.பி.சி.ஏ. இருக்கிறது. தமிழர் உடற்பயிற்சிச் சங்கம் என்று சொல்லலாம். அதுவும் தொடங்கியது 1914-ல், பலேஸ்ட்ரா இத்தாலியா தொடங்கிய அதே ஆண்டு. அன்றைக்கு அரசாங்க அலுவலகங்களில் எழுத்தர்களாக இருந்தவர்கள் தங்கள் சம்பளத்தில் சந்தா எடுத்து வைத்து வளர்த்த சங்கம். ஜப்பான்காரன் வந்து போனான், வெள்ளைக்காரன் போனான், நகரம் தலைகீழாக மாறியது. சங்கமும் திடலும் நூறு ஆண்டைத் தாண்டிவிட்டன. அது சூப்பர் லீக்கில் ஆடவில்லை என்று நாம் இளக்காரமாக நினைக்கிறோம். உறுப்பினரும் திடலும் இருக்கும் சங்கம் தாக்குப் பிடித்தது. கிண்ணமும் நட்சத்திரமும் இருந்த குழு சில ஆண்டுகளிலேயே முடிந்தது.

நம்மில் எத்தனை பேர் கோயில் திருவிழாவுக்கு நூறு வெள்ளி எழுதுகிறோம்? எழுதட்டும், நானும் எழுதுகிறேன். மாதம் பத்து வெள்ளி, ஆயிரம் குடும்பம் என்றால் ஆண்டுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் வெள்ளி. சூப்பர் லீக்குக்கு இது பந்து வாங்கவும் பத்தாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளைகள் முப்பது பேருக்கு ஒரு பயிற்றுநர், வாரம் மூன்று நாள் வாடகைத் திடல், காலணி, போக்குவரத்து என்றால் பத்தும். கழன்றது கீழ்ப்படி என்றால் போட வேண்டியதும் கீழ்ப்படிதானே? நாம் மேலிருந்து கட்டிப் பார்த்துவிட்டோம்.

நெறியாளர் மணியைப் பார்க்கிறார். முடித்துக் கொள்கிறேன்.

போன மாதம் கிள்ளானில் தெங்கு கிளானா சாலையில் பூக்கட்டும் ஒருவர் என்னை நிறுத்தினார். ‘அண்ணே, நீங்க பந்து விஷயம் எல்லாம் எழுதுவீங்களே, எம் மகனுக்கு பதிமூணு வயசு ஆகுது. பெட்டாலிங் ஜெயா குழுவுல ஆள் எடுக்கிறது எப்போ?’ என்று கேட்டார். பக்கத்திலேயே பையன் நிற்கிறான். கையில் பந்து இல்லை. ஒரு காலி பிளாஸ்டிக் போத்தலைக் காலில் தட்டிக் கொண்டே நிற்கிறான், அது கீழே விழவே இல்லை. அந்தக் குழு இப்போது இல்லை என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை.

பார்த்துக் கொண்டிருக்கும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். மிஃபா ஆட்டத்தின் டிக்கெட், சட்டை, படம், தோட்டக் குழுக்களின் பழைய புகைப்படம் எதுவாக இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பின்னால் யார் யார் நிற்கிறார்கள் என்று பெரியவர்களைக் கேட்டுப் பெயரைப் படத்தின் பின்புறம் எழுதி வையுங்கள். எங்கள் தோட்டக் குழுவின் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. பதினோரு பேரில் நான்கு பேரின் பெயர் இன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை.